ராதாபுரத்தின் கணக்கு ராதாபுரத்துக்கு வரவேண்டும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் தினமும் ஒரு பட்டியல் வரும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் முதலில். பிறகு வடக்குப் பச்சையாறு, நம்பியாறு, கொடுமுடியாறு. அதற்குக் கீழே ஊர்வாரியாக மழையளவு. அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரி என்று இறங்கும் அந்த வரிசையில் ராதாபுரத்துக்கும் ஓர் இடம் உண்டு. முந்தின நாள் பெய்த மழை மறுநாள் காலை மில்லிமீட்டரில் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்காக யாரும் மனுப் போட வேண்டியதில்லை.

அதே ராதாபுரம் வட்டத்தில் கடந்த ஆண்டு சாலையில் எத்தனை பேர் இறந்தார்கள்? கல்குவாரியில் எத்தனை பேருக்கு அடிபட்டது? கடலில் குளிக்கப் போய் எத்தனை பேர் திரும்பவில்லை? எத்தனை வீடுகளில் கன்னம் வைத்தார்கள், அதில் எத்தனை வழக்கில் ஆள் பிடிபட்டான், எவ்வளவு நகை மீட்கப்பட்டது? இவற்றுக்கு விடை எங்கோ இருக்கிறது. ஆனால் ஓர் ஊர்க்காரர் கைப்பேசியில் ஒரே இடத்தில் எடுத்துப் பார்க்கும்படி இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, துறைக்கொரு மனு எழுதி, மனுவுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். மழைக்கு இருக்கும் வெளிப்படை உயிருக்கு ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. உள்ளாட்சி அமைப்புகள் பொதுப் பாதுகாப்புப் புள்ளிவிவரங்களை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று சட்டமாகவோ அரசாணையாகவோ கட்டாயப்படுத்த முடியுமா, படுத்தலாமா, படுத்தினால் என்ன ஆகும் என்பதை ராதாபுரத்தில் நின்று பார்க்கலாம்.

முதலில் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நகராட்சியே போலீஸ் வைத்திருக்கிறது. அங்கே நகராட்சியிடம் குற்றக் கணக்கைக் கேட்பது இயல்பு. நம் ஊரில் காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கென்று வகுத்த பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் உண்டு. குடிநீர், சாலை, சுகாதாரம் எல்லாம் இருக்கின்றன, காவல் இல்லை. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் தீயணைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் அதையும் மாநிலத் துறைதான் நடத்துகிறது. ஆகவே ராதாபுரம் ஊராட்சித் தலைவரிடம் போய்த் திருட்டுக் கணக்கு கேட்டால் அவர் கைவிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அவர் கையில் அது இல்லை.

யார் கையில் இருக்கிறது? கொலை, திருட்டு, விபத்து வழக்குகள் காவல் நிலையத்தில். இறப்புப் பதிவு கிராம நிர்வாக அலுவலரிடம். குவாரி உரிமம் கனிமவளத் துறையில். குவாரித் தொழிலாளியின் பாதுகாப்போ ஒன்றிய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்திடம். தீ விபத்து தீயணைப்பு நிலையத்தில், நாய்க்கடியும் பாம்புக்கடியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மின்சாரம் தாக்கிய சாவு மின்வாரியத்தில். நான்கு வழிச்சாலையின் குறைகள் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம், கடற்கரைக் காவல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடம்.

இந்தத் துறைகளின் எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. ராதாபுரம் வருவாய்த் துறைக்குச் சேரன்மகாதேவி கோட்டம். காவல்துறைக்கு வள்ளியூர் உட்கோட்டம். உவரி முன்பு ராதாபுரம் வட்டம், இப்போது திசையன்விளை வட்டம், சட்டமன்றத்துக்கு மட்டும் இன்றும் ராதாபுரம் தொகுதி. திருநெல்வேலி மாவட்டமே 2019 நவம்பரில் இரண்டாகப் பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. 2018இன் மாவட்டக் கணக்கையும் 2021இன் மாவட்டக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் குற்றம் குறைந்துவிட்டது என்று ஒருவர் மேடையில் பேசினால், பாதி மாவட்டம் கணக்கிலிருந்து வெளியே போன கதையைத்தான் அவர் பேசுகிறார்.

மேலே போகும் கணக்கு கீழே திரும்புவதே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் அமைந்தது. ‘இந்தியாவில் குற்றம்’ என்ற ஆண்டறிக்கையோ 1953 முதலே இருக்கிறது. அதில் திருநெல்வேலிக்கு மாநகரம் ஒரு வரி, மாவட்டம் ஒரு வரி. அம்பாசமுத்திரத்து வயலும் கூத்தங்குளிக் கடற்கரையும் காவல்கிணறு நெடுஞ்சாலையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அதுவும் உடனே வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது. 2023இன் அறிக்கைக்கு 2025 வரை காத்திருக்க நேர்ந்தது. பனகுடியில் ஒரு தெருவில் தொடர்ந்து வீடு புகுந்து திருடுகிறார்கள் என்றால் அந்தத் தெருவுக்கு இந்த அறிக்கையால் ஒரு பயனும் இல்லை.

இத்தனைக்கும் எண்கள் நிலையத்திலேயே தயாராக இருக்கின்றன. பல காவல் நிலையங்களில் ஆய்வாளர் அறைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாகக் கொலை, ஆதாயக் கொலை, கூட்டுக்கொள்ளை, வழிப்பறி, கன்னக்களவு, திருட்டு. மேலே வரிசையாக ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பதிவான வழக்கு, கண்டுபிடித்த வழக்கு, களவுபோன சொத்தின் மதிப்பு, மீட்ட சொத்தின் மதிப்பு. ஆய்வுக்கு வரும் மேலதிகாரி முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். புகார் கொடுக்க வரும் ஊர்க்காரர் வெளி வராந்தாவிலேயே நின்றுவிடுகிறார். அந்தப் பலகையை மாதாமாதம் இணையத்தில் ஏற்றுவதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை.

ஊர் அளவில் வெளியிடுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளம் பதில் சொல்லும். மாவட்டத்தைத் தொட்டு, ஒன்றியத்தைத் தொட்டு, ஊராட்சியைத் தொட்டால், எந்தக் குளத்து வேலைக்கு எந்த வாரம் யார் வந்தார், எவ்வளவு கூலி என்பதுவரை அதில் விரியும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்வாரியாகக் குடிநீர்ப் பரிசோதனை முடிவு கிடைக்கிறது. ஊராட்சியின் வரவு செலவு இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏறுகிறது. பணத்துக்கு ஊர்வாரிக் கணக்கு காட்ட முடிந்த அரசு, உயிருக்குக் காட்ட முடியாது என்று சொல்ல இடமில்லை.

சட்டத்தின் பக்கமும் குறை அதிகமில்லை. 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றி நாட்டுக்கு வழி காட்டிய மாநிலம் தமிழ்நாடு; விதிவிலக்குகள் ஏராளமாக இருந்ததால் அது பலிக்கவில்லை என்பது வேறு செய்தி. 2005இன் மத்தியச் சட்டத்தில் 4ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: மக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய நிலை வராதபடி, இணையம் உள்ளிட்ட வழிகளில், அரசு தானாகவே முறையான இடைவெளியில் தகவலை வெளியிட வேண்டும். இந்தப் பிரிவு சரியாக நிறைவேறுகிறதா என்று தகவல் ஆணையங்கள் கண்காணிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கிஷன் சந்த் ஜெயின் வழக்கில் உத்தரவிட்டது. ராஜஸ்தான் 2019 செப்டம்பரில் ‘ஜன் சூச்னா’ என்ற தளத்தைத் தொடங்கி, பல துறைகளின் தகவலை ஊர்வாரியாக ஒரே கூரைக்குக் கீழ்க் கொண்டுவந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் போன்ற மக்கள் இயக்கங்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்று கேட்டதன் பலன் அது.

காவல்துறை விஷயத்தில் இன்னும் ஒரு படி தாண்டியாயிற்று. 2016 செப்டம்பர் 7ஆம் தேதி யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது; பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு; இணைய வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம்வரை அவகாசம். தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் நிலையத்தின் பெயர், ஆண்டு, வழக்கு எண் கொடுத்து முதல் தகவல் அறிக்கையைப் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு மரமும் தெரிகிறது, தோப்பு எவ்வளவு பெரிது என்பது தெரியவில்லை. குற்றப்பத்திரிகையையும் இப்படி ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கையை 2023 ஜனவரியில் சௌரவ் தாஸ் வழக்கில் அதே நீதிமன்றம் மறுத்தது. தனிமனிதரின் வழக்கு ஆவணம் வேறு, ஊரின் மொத்த எண்ணிக்கை வேறு. நான் கேட்பது இரண்டாவதை.

ராதாபுரம் வட்டத்தில் பாதுகாப்புத் தகவல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கூடங்குளம்தான். தலா 1000 மெகாவாட் உலைகள் இரண்டு இயங்குகின்றன. மேலும் நான்கு கட்டுமானத்தில் இருக்கின்றன. 2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து நடந்தபின் இடிந்தகரையில் எழுந்த போராட்டத்தை நாடே பார்த்தது. அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதி தகவலுக்கானது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. போராட்டக் குழுவின் சுப. உதயகுமார் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இடத் தேர்வு மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டார். அணுமின் கழகம் மறுத்தது. மேல்முறையீடு மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போயிற்று. 2012 ஏப்ரல் 30 அன்று ஆணையர் சைலேஷ் காந்தி, வணிக ரகசியமான வடிவமைப்பு விவரங்களை நீக்கிவிட்டு மற்றதைக் கொடுக்கும்படி ஆணையிட்டார். அதோடு நிற்காமல், எல்லா அணுமின் நிலையங்களின் இத்தகைய அறிக்கைகளையும் இணையத்தில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். ரகசியத்தைக் கழித்துவிட்டு மீதியைத் திறப்பது என்ற அந்த வழி எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாதுகாப்பு ஆய்வறிக்கை கேட்டவர் கைக்கு அன்று வந்துசேரவில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம் நக்கனேரி ஊரில் அவசரகால ஒத்திகை நடந்தது. உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்டப் பகுதி. ஏதாவது நடந்தால் ஆலைக்கு வெளியே பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. 2013 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கோ. சுந்தர்ராஜன் வழக்கில் உலையை இயக்க அனுமதித்தபோது 15 நிபந்தனைகள் விதித்தது. இத்தகைய அவசரகால ஒத்திகைகள் எப்போது நடந்தன, எத்தனை ஊர் கலந்துகொண்டது, என்ன குறை கண்டார்கள், குறை சரியானதா என்பதெல்லாம் ஓர் ஊராட்சிப் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்திகள். 16 கிலோமீட்டருக்குள் வாழ்பவர் இதை ஆர்வத்துக்காகக் கேட்கவில்லை. சைரன் ஒலித்தால் எந்தச் சாலையில் ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்.

2019இல் நடந்தது இன்னும் பெரிய பாடம். கூடங்குளத்தின் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருப்பதாக ஒன்றிய அரசின் கணினி அவசரகால அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதி தெரிவித்தது. ஊருக்குச் சேதி வந்தது அக்டோபர் கடைசியில், அதுவும் சமூக ஊடகம் வழியாக. நிலையம் முதலில் மறுத்தது. மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. தாக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான கணினி, உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு அல்ல என்றது. அது உண்மையாகவே இருக்கட்டும். எட்டு வாரம் வாய்மூடியிருந்து, பிறகு மறுத்து, பிறகு ஒப்புக்கொண்டால் அடுத்த முறை சொல்லும் உண்மையையும் ஊர் நம்பாது. ஆலையின் சுற்றுவட்டாரக் கதிர்வீச்சு அளவை மழையளவுபோலத் தினமும் வெளியிட்டு, பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு ஒரு மில்லிசீவர்ட் என்பதையும் பக்கத்திலேயே எழுதினால், எண் குறைவாக இருப்பதே ஆலைக்குச் சாட்சியாகும்.

ஆனால் வட்டத்தில் அன்றாடம் ஆளைக் கொல்வது சாலை. தமிழ்நாட்டில் 2023இல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 18,347 பேர். நாளுக்கு ஐம்பது உயிர். வள்ளியூர், பனகுடி வழியாக வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலை காவல்கிணற்றில் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்குமாகப் பிரிகிறது. கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள், காற்றாலை இறக்கை ஏற்றிய நீள வண்டிகள், பள்ளிக்கூடப் பேருந்துகள், பூவும் முருங்கைக்காயும் ஏற்றிய மினிலாரிகள் எல்லாம் அந்த வட்டாரச் சாலைகளில்தான். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்திலிருந்தே செயலியில் பதிகிறார், இடக்குறியோடு, படத்தோடு. தமிழ்நாடு அந்தத் திட்டம் முதலில் சோதிக்கப்பட்ட மாநிலங்களுள் ஒன்று. 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்றாண்டில் சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால், அது ‘கரும்புள்ளி’. ஆக இடம் தெரியும், நேரம் தெரியும், வண்டி தெரியும். அந்தப் பட்டியலை ஊராட்சிவாரியாக எடுத்து, எங்கே விளக்கு இல்லை, எங்கே நடுத்திட்டை உடைத்து வழி போட்டிருக்கிறார்கள் என்று கிராம சபையில் வைத்துப் பேச வேண்டியதுதான் பாக்கி.

குவாரியிலும் இதே கதை. 2022 மே 14ஆம் தேதி இரவு, முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாவட்டத்தின் குவாரிகள் எப்படி நடக்கின்றன என்று எல்லோரும் கேட்டார்கள். எந்தக் குவாரியில் கடைசியாக எப்போது பாதுகாப்பு ஆய்வு நடந்தது, என்ன மீறல், என்ன நடவடிக்கை என்பது முன்பே பொதுவில் இருந்திருந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் முன்பே கேட்டிருப்பார்கள்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். ‘கள்ளக்கடல்’ என்று மீனவர்கள் சொல்லும் அந்தத் திடீர்க் கொந்தளிப்பைப் பற்றி ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் எச்சரித்திருந்த நாட்கள் அவை. எச்சரிக்கை மீனவ ஊரின் ஒலிபெருக்கிக்கு எட்டும், வெளியூரிலிருந்து வருபவருக்கு எட்டாது. உவரிக்கு அந்தோணியார் திருத்தலத்துக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் ஆயிரக்கணக்கில் வருபவர்கள் கடலில் இறங்குகிறார்கள். எந்தக் கரைப்பகுதியில், எந்த மாதத்தில், எத்தனை பேர் மூழ்கினார்கள் என்ற கணக்கு அங்கே பலகையாக நின்றால் சில பிள்ளைகள் வீடு திரும்பும்.

ஊராட்சியின் கையிலேயே உள்ள கணக்கும் உண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்ட அனுமதி கொடுப்பதும், கைவிட்ட குழியை மூடச் சொல்வதும் 2015இன் விதிகளின்படி ஊராட்சியின் வேலை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே ஒரு குழந்தை குழியில் விழுந்து நான்கு நாள் தமிழ்நாடே விழித்திருந்தது. மழையையும் கிணற்றையும் நம்பிய ராதாபுரம் வட்டாரத்தில் தண்ணீர் கிடைக்காமல் கைவிட்ட குழிகளுக்குக் குறைவிருக்காது. எத்தனை அனுமதி, எத்தனை கைவிட்டவை, எத்தனை மூடியாயிற்று என்ற மூன்று எண்களை வெளியிட எந்தத் துறையின் அனுமதியும் வேண்டாம்.

மற்ற நாடுகளின் அனுபவம் நம்பிக்கையும் எச்சரிக்கையும் சேர்ந்தது. அமெரிக்காவில் 1986இல் ஜீன் கிளெரி என்ற மாணவி கல்லூரி விடுதி அறையில் கொலையானாள். அங்கே அதற்குமுன் நடந்த குற்றங்கள் தெரிந்திருந்தால் அவளை அனுப்பியிருக்க மாட்டோம் என்று பெற்றோர் போராடியதில், கல்லூரிகள் ஆண்டுதோறும் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும் என்ற சட்டம் 1990இல் வந்தது. இங்கிலாந்து 2011 தொடக்கத்தில் தெருவாரியாகக் குற்ற வரைபடத்தை இணையத்தில் வைத்தபோது, பார்க்க வந்த கூட்டத்தில் தளமே முடங்கிப்போயிற்று. அதே நாட்டில் 2014 ஜனவரியில், போலீஸ் பதியும் குற்ற எண்ணிக்கைக்கு இருந்த தேசியப் புள்ளிவிவரம் என்ற தகுதியைப் புள்ளிவிவர ஆணையம் விலக்கிக்கொண்டது. குற்றங்களை ஒழுங்காகப் பதியவில்லை என்று தெரியவந்ததே காரணம். நியூயார்க்கிலும் எண்ணைக் கொண்டு அதிகாரியை மதிப்பிடப் போய், பெரிய குற்றத்தைச் சின்னதாக எழுதும் பழக்கம் வெளிவந்தது.

இந்த ஆபத்து நமக்கு இரண்டு மடங்கு. லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே பிடியாணை வேண்டாத குற்றத்துக்கு வழக்குப் பதிவது கட்டாயம் என்று சொல்லியாயிற்று. ஆனாலும் கழுத்துச் செயின் போன பெண்மணி வழக்குப் பதியாமல் தரும் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதோடு திரும்புவது எல்லா ஊரிலும் நடக்கிறது. எண் வெளியே தெரியும் என்றால் பதிவதற்கு இன்னும் தயக்கம் வரும். குற்றம் கூடுவது வேறு, குற்றப் பதிவு கூடுவது வேறு என்று குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. ஆகவே வழக்கு எண்ணிக்கையோடு சி.எஸ்.ஆர். எண்ணிக்கையையும், அதில் எத்தனை வழக்காயிற்று என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். பெண்கள் புகார் ஓராண்டில் இரட்டிப்பானால் அந்த நிலையத்துக்குப் பெண்கள் துணிந்து வருகிறார்கள் என்றும் பொருள் உண்டு. எண்ணை வைத்து ஆய்வாளரை மாற்றும் வழக்கம் ஒழியாதவரை இந்த எண்கள் நேர்மையாக இருக்காது.

இன்னோர் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் ‘பாலியல் குற்றம்: 1’ என்று எழுதினாலே அந்தக் குடும்பம் யார் என்று டீக்கடை சொல்லிவிடும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டமும் பாரதிய நியாய சன்ஹிதாவும் தடை செய்கின்றன. அத்தகைய குற்றங்களை ஊர்வாரியாகப் போடாமல் உட்கோட்ட அளவிலோ மாவட்ட அளவிலோதான் தர வேண்டும். சாதி விஷயம் அதைவிடக் கடினம். 2023 ஆகஸ்டில் பக்கத்து நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்க வேண்டியதாயிற்று. வன்கொடுமை வழக்குகள் எத்தனை, எத்தனை தண்டனையில் முடிந்தன என்பது கட்டாயம் பொதுவில் வர வேண்டும். ஆனால் ‘குற்ற ஊர்’ என்று பெயர் ஒட்டும் பட்டியல் ஒருபோதும் கூடாது. 1911 முதல் 1947 வரை சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம், சாதியையும் ஊரையும் பதிவேட்டில் ஏற்றி மனிதரைக் கைரேகை வைக்க வைத்த மண் இது. அதனால் காவல் நிலைய எல்லைக்கு மாதாந்திர எண்ணிக்கை போதும் என்பது என் கருத்து. தெருவாரிக் குற்ற வரைபடம் நமக்கு வேண்டாம். விபத்து, நீரில் மூழ்கல், குவாரி, மின்சாரம் ஆகியவற்றுக்கோ இடத்தைத் துல்லியமாகவே காட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே திருத்த வேண்டியது இடத்தைத்தான்.

கட்டாயத்தை யார்மேல் சுமத்துவது? ஒரே செயலரை வைத்துக்கொண்டு வரி வசூல், தண்ணீர், தெருவிளக்கு என்று ஓடும் ஊராட்சியை, தன்னிடம் இல்லாத கணக்கை வெளியிடச் சொல்வது அநியாயம். எண்ணைத் தருவது அந்தந்தத் துறையின் கடமை. அதில் குற்றத்தைக் காவல் நிலைய எல்லைக்கும் மற்றதை ஊராட்சி எல்லைக்கும் பிரித்து மாதாமாதம் தமிழில், தரவிறக்கிக்கொள்ளும் வடிவில் வெளியிடுவது ஆட்சியர் அலுவலகத்தின் கடமை. தன் கையில் உள்ள குழி, விளக்கு, குடிநீர்க் கணக்கைச் சேர்ப்பதும் முழுப் பக்கத்தையும் கிராம சபையில் வாசிப்பதும் ஊராட்சியின் கடமை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைச் சுட்டி ஓர் அரசாணை போட்டால் தொடங்கிவிடலாம். ஊராட்சிகள் சட்டத்தில் திருத்தம் பின்னால் வரட்டும்.

அரசாணையில் ஒரு வரி மட்டும் விடுபடக் கூடாது. வாசித்த கணக்கை ஊர் மறுக்கும்போது என்ன செய்வது என்ற வரி அது. லாரி மோதியது எங்கள் ஊர் வளைவில், பட்டியலில் பக்கத்து ஊர் என்று இருக்கிறதே என்று ஒருவர் எழுந்து சொல்வார். கரண்டு அடித்து இறந்த ஆள் இந்தப் பட்டியலிலேயே இல்லையே என்று இன்னொருவர் சொல்வார். அந்த மறுப்பை அதே இடத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி, 30 நாளுக்குள் திருத்தமோ காரணமோ அதே இணையப் பக்கத்தில் ஏற வேண்டும். ஏற்றிய அதிகாரியின் பதவியும் தேதியும் அருகிலேயே இருக்க வேண்டும்.